பட்டாவில் தெரியாத பள்ளம்

புதிய குடியிருப்பில் வீடு வாங்குவோர் கட்டடத்தின் தரத்தையும் நிலத்தின் ஆவணத்தையும் துருவிப் பார்க்கிறார்கள். அந்த நிலம் அமைந்திருக்கும் இடத்தின் குறையை எடைபோடுவது எப்படி?

சென்னையின் தெற்கு, தென்மேற்கு விளிம்புகளில் கடந்த கால் நூற்றாண்டாக எழுந்துவரும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் மனைப்பிரிவுகளிலும் வீடு வாங்குகிற குடும்பங்கள், பெரும்பாலும் தங்கள் வாழ்நாளின் மிகப் பெரிய கடனைத் தலையில் ஏற்றிக்கொண்டுதான் அங்கே குடிபோகின்றன. அந்தக் கடனை வாங்குவதற்கு முன் அவர்கள் செய்யும் சோதனைகள் குறைவு என்று சொல்வதற்கில்லை. வில்லங்கச் சான்று எடுத்து முப்பது ஆண்டுக்கால பத்திரப்பதிவுகளைப் பார்க்கிறார்கள். தாய்ப்பத்திரத்தை வழக்கறிஞரிடம் கொடுத்துக் கருத்துரை வாங்குகிறார்கள். திட்ட அனுமதி எண்ணைச் சரிபார்க்கிறார்கள். மாதிரி வீட்டில் பதித்திருக்கும் தரை ஓடு, குழாய், கதவு ஆகியவற்றைத் தயாரித்த நிறுவனம் எது என்பதுவரை விசாரிக்கிறார்கள். ஆனால் அந்த வீடு நிற்கப்போகும் இடம் எப்படிப்பட்டது என்ற கேள்விக்கு மட்டும், விற்பவர் அச்சிட்டுத் தரும் வண்ணத்தாளில் விமான நிலையம் இத்தனை நிமிடம், பள்ளிக்கூடம் இத்தனை நிமிடம் என்று போட்டிருக்கும் நான்கு வரிகளே விடையாகிவிடுகின்றன.

இந்த அலட்சியத்துக்குச் சட்டமும் ஒருவகையில் காரணமாகிறது. 2016இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், மக்கள் பேச்சில் ‘ரேரா’, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளாகவோ அமையும் திட்டங்களைப் பதிவு செய்யாமல் விற்கக்கூடாது என்கிறது. விற்பனை உடன்படிக்கையைப் பதிவு செய்வதற்கு முன் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. வாங்குவோர் கட்டும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைத்து அந்தத் திட்டத்துக்கே செலவிட வேண்டும் என்கிறது. வீட்டை ஒப்படைத்த பின் ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்தால் கட்டியவர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். நிலத்தின் உரிமையில் பழுது இருந்து வாங்கியவருக்கு இழப்பு நேர்ந்தால், காலவரம்பு பாராமல் ஈடு தர வேண்டும். நெடுங்காலம் ஏமாற்றப்பட்ட மக்களுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு இது என்பதில் ஐயமில்லை. எனினும் இவை அனைத்தும் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தைக் காப்பவை. மழைக்காலத்தில் தெருமுனையில் இடுப்பளவு நீர் நிற்பதோ, கோடையில் கிணறு உப்பாவதோ, பத்து கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆவதோ அந்த ஒப்பந்தத்தில் எங்கும் எழுதப்படுவதில்லை. விளம்பரத்தில் பொய் சொல்லியிருந்தாலன்றி அவற்றுக்காக யாரையும் கேள்வி கேட்கவும் முடிவதில்லை. சுவரில் விரிசல் விட்டால் கொத்தனாரை அழைக்கலாம், நிலத்தின் தாழ்வுக்கு யாரை அழைப்பது?

இடத்தின் குறைகள் எல்லாவற்றையும் ஒரே தராசில் வைப்பதால்தான் குழப்பம் வருகிறது. அவற்றில் சில, ஊர் வளர வளரத் தாமாகத் தேய்ந்துபோகக் கூடியவை. சில, மாதந்தோறும் பணம் செலவழித்தால் தாங்கிக்கொள்ளக் கூடியவை. வேறு சிலவோ நிலத்தோடு பிறந்தவை, எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் எவ்வளவு செலவழித்தாலும் வாங்கியவரால் தனித்து மாற்ற முடியாதவை. முதல் வகைக்குப் பொறுமை வேண்டும், இரண்டாவதற்குக் கணக்கு வேண்டும், மூன்றாவதற்கு மறுத்துவிட்டு எழுந்துவரும் துணிவு வேண்டும். விற்பனை மேசையில் உட்கார்ந்திருப்பவர் மூன்றையும் முதல் வகையாகவே காட்டுவார் என்பதை வாங்குபவர் முன்கூட்டியே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

ஏரிக்குக் கீழே இருக்கும் நிலம்

மூன்றாம் வகையில் முதலில் நிற்பது நீர். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்கள் ஏரி மாவட்டங்கள் என்று பெயர் பெற்றவை. மேற்கிலிருந்து கிழக்காகக் கடலை நோக்கி மெல்லச் சரியும் இந்த நிலத்தில், மழைநீரை மறித்துக் கரை கட்டி ஏரியாக்குவதும், மதகு வழியாக அதைக் கீழே இருக்கும் வயல்களுக்குப் பாய்ச்சுவதும், ஏரி நிரம்பினால் கலங்கல் எனப்படும் கல்லணைப்பின் வழியாக உபரியை அடுத்த ஏரிக்கு அனுப்புவதும் பல நூற்றாண்டுகளாக நடந்துவந்த ஏற்பாடு. ஒரு மதகின் நீரால் விளையும் நிலப்பரப்பு முழுவதற்கும் ஆயக்கட்டு என்று பெயர். இந்த ஏற்பாட்டில் மனிதர் குடியிருந்த இடம் ஊர் நத்தம். அது பொதுவாக மேட்டில் அமைந்தது. நஞ்சை என்று வருவாய்த் துறைப் பதிவேட்டில் குறிக்கப்பட்ட வயல், ஏரிக்கரைக்குக் கீழே, நீர் தானாக இறங்கிவரும் தாழ்வில் அமைந்தது. தாழ்வாக இருந்ததால்தான் அது நஞ்சையாக இருந்தது.

இன்றைய மனைப்பிரிவுகளில் பெரும்பகுதி இந்த நஞ்சையில் எழுந்தவை. வீடு தேடுபவர் புறம்போக்கு என்ற சொல்லுக்கு அஞ்சுகிறார், அரசுக்குச் சொந்தமான நீர்நிலையை யாரோ வளைத்து விற்கிறார்களோ என்று பதறுகிறார், அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் நஞ்சை என்பது பட்டா நிலம். அதை விற்பதற்கு உரியவருக்கு முழு உரிமை உண்டு. வீட்டுமனையாக மாற்ற முறையான அனுமதியும் கிடைக்கும். வங்கி தயங்காமல் கடன் தரும். ஆவணத்தில் ஒரு கறைகூட இல்லாத அந்த நிலம், நீரைப் பெற்றுக்கொள்வதற்கென்றே அமைந்த நிலம் என்ற உண்மையை எந்தக் கருத்துரையும் சொல்வதில்லை. வழக்கறிஞர் தேடுவது உரிமையை. நிலத்தின் மட்டம் அவர் வேலையில் சேர்ந்ததன்று.

அந்த உண்மை எழுத்தில் இல்லாமலும் இல்லை. தாய்ப்பத்திரம் எனப்படும் பழைய மூல ஆவணத்தின் கடைசிப் பக்கத்தில் சொத்து விவரம் இருக்கும். அதில் நான்கெல்லை சொல்லப்பட்டிருக்கும். இன்னாருடைய நஞ்சைக்கு வடக்கு, வாய்க்காலுக்குக் கிழக்கு, ஏரிக்கரைக்குத் தெற்கு என்று எழுதியிருப்பதை, உரிமையைச் சரிபார்க்கும் கண் தாண்டிப் போய்விடும். குடியிருக்கப்போகிற கண் அங்கேதான் நிற்க வேண்டும். வழிநடைப் பாத்தியத்தோடு நீர்ப்பாசனப் பாத்தியமும் சேர்த்து விற்கப்பட்டதாக ஒரு வரி இருந்தால், ஒரு காலத்தில் அந்த நிலத்துக்கு நீர் வருவது உரிமையாக, மதிப்பாக, விலையை ஏற்றும் காரணமாக இருந்தது என்று பொருள். உரிமை எழுதிக் கொடுத்தவர்கள் போய்விட்டார்கள். நீர் வரும் வழி போய்விடவில்லை. இதே செய்தியைப் புலப்படத்திலும் காணலாம். ஒவ்வொரு புல எண்ணுக்கும் அளவுகளோடு வரைந்து வைத்திருக்கும் அந்த வரைபடத்தில், வயல்களுக்கு நடுவே இரட்டைக் கோடாக ஓடும் வாய்க்கால், தரையில் இன்று செங்கல் ஜல்லி கொட்டி மூடப்பட்ட பாதையாகவோ பூங்கா என்று பெயர் எழுதிய பலகைக்குப் பின்னால் இருக்கும் புதராகவோ இருக்கும். பட்டாவையும் ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் அரசின் இணையச் சேவையில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்; அவற்றைக் கிராம வரைபடத்தோடு பொருத்தி, மேலே எந்த ஏரி, அதன் கலங்கல் எந்தப் பக்கம், உபரி எந்த வழியாகப் போக வேண்டும் என்று ஒரு பென்சிலால் கோடு போட்டுப் பார்ப்பது ஒரு நாள் வேலை.

அந்தக் கோட்டை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதை 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் காட்டியது. தாம்பரத்தில் அன்று 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழை சுமார் 140 சென்டிமீட்டர் என்றால், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் கொட்டிவிட்டது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் அடையாற்றில் வந்தது பரவலாகப் பேசப்பட்டது. ஆனால் தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை மூழ்கடித்தது செம்பரம்பாக்கம் அன்று. ஆதனூர், மண்ணிவாக்கம் முதலிய ஏரிகளின் உபரிநீர் சேர்ந்து அடையாறு ஆறாக உருவாகும் இடமே அதுதான். பெரிய நீர்த்தேக்கத்திலிருந்து தொலைவில் இருக்கிறோம் என்ற நிம்மதியில் அங்கே வீடு கட்டியவர்கள், ஆற்றின் பிறப்பிடத்திலேயே தாங்கள் குடியிருக்கிறோம் என்பதை மீட்புப் படகு வந்தபோதுதான் உணர்ந்தார்கள்.

கிழக்கே பழைய மகாபலிபுரம் சாலையின் கதை இன்னும் விரிவானது. தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் நீர் வந்து தங்கும் தாழ்நிலம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், பழந்தமிழில் கழுவெளி. அங்கிருந்து நீர் ஒக்கியம் மடுவு என்ற ஒரே வாய் வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலை அடைகிறது. சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த இந்தச் சதுப்பு, குப்பைக் கிடங்கு, சாலை, கல்வி நிறுவனம், அலுவலக வளாகம், குடியிருப்பு என்று நாற்புறமும் அரித்தெடுக்கப்பட்டுச் சிறு பகுதியாகச் சுருங்கிவிட்டது. 2022இல் ராம்சர் தலமாக, அதாவது 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, 1,247 ஹெக்டேர் பரப்பு அறிவிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அந்த ஈரநிலத்திலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தொலைவிலும் புதிய கட்டுமான அனுமதி வழங்கக்கூடாது என்று இடைக்காலத்தில் தடுத்தது. சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் கவலையாக மட்டும் எண்ணப்பட்ட ஒன்று, அனுமதிக்காகக் காத்திருக்கும் திட்டத்தில் முன்பணம் கட்டியிருப்பவரின் சேமிப்பைத் தொடும் விஷயமாக மாறியது இப்படித்தான். ஈரநிலத்தின் அருகே வாங்குபவர் வெள்ளத்தின் இடரை மட்டுமல்லாமல், நாளை வரக்கூடிய சட்ட இடரையும் சேர்த்தே வாங்குகிறார்.

இதற்கு விற்பனைத் தரப்பில் ஒரு மறுமொழி தயாராக இருக்கும்: வளாகம் சாலையிலிருந்து ஐந்து அடி உயர்த்தப்பட்டிருக்கிறது, கீழே தூண்தளம்தான், வீடுகள் முதல் மாடியிலிருந்தே தொடங்குகின்றன, வெள்ளம் வந்தாலும் வீட்டுக்குள் வராது. சொல்வது பொய்யன்று, போதாது. நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி தரைமட்டத்தில்தான் இருக்கிறது. மின்தூக்கியின் குழியும் ஜெனரேட்டரும் மின்மாற்றியும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் கீழேதான் இருக்கின்றன. தெருநீர் வளாகத்துக்குள் புகுந்த முதல் மணி நேரத்தில் கழிவுநீர்த் தொட்டியும் குடிநீர்த் தொட்டியும் கலந்துவிடும், மின்சாரத்தை நிறுத்தியாக வேண்டும், மின்தூக்கி நின்றுவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் நடந்ததைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. ஒன்பதாவது மாடியில் ஒரு சொட்டு நீர் படாத வீட்டில், நீரிழிவு மருந்தைக் குளிரில் வைக்க முடியாமல், கழிவறைக்கு ஊற்ற நீரில்லாமல், கீழே இறங்கவும் வழியில்லாமல் முதியவர் ஒருவர் மூன்று நாள் இருக்க நேர்வதை வெள்ளப் பாதிப்பு இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? மேலும் ஒரு வளாகம் தன்னை ஐந்து அடி உயர்த்திக்கொள்ளும்போது, அங்கே தங்கியிருந்த நீர் பக்கத்துப் பழைய தெருவுக்குள் தள்ளப்படுகிறது. சுரண்டாமலே அடுக்கடுக்காகப் போடப்பட்ட தார்ச்சாலையால் ஏற்கெனவே வாசற்படி பள்ளத்தில் போய்விட்ட வீடுகள் அந்த நீரையும் ஏற்கின்றன.

இவற்றையெல்லாம் எடைபோடும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைத்துவிடுவதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்குப் பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டது இதே தாழ்நிலத்தின் ஓரத்தில்தான். ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிக் கூட்டிவரப்பட்டவர்களை யாரும் நஞ்சையா, புஞ்சையா என்று கேட்கவில்லை.

லாரியும் குழாயும்

நீர் மிகுவது ஒரு குறை என்றால், அதே இடத்தில் நீர் இல்லாமற் போவது மற்றொரு குறை. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, பெருங்குடி, சோழிங்கநல்லூர் வட்டாரங்கள் மாநகருக்குள் வந்தன. சொத்துவரி வந்த வேகத்தில் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் வரவில்லை. கண்ணாடி முகப்புக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும் பழைய மகாபலிபுரம் சாலையின் இருபுறத்துக் குடியிருப்புகள் ஆண்டுக்கணக்கில் தனியார் லாரித் தண்ணீரை நம்பியே இருந்துவந்தன. விடியற்காலை ஐந்து மணிக்கு லாரி வந்து நிற்கும். காவலர் நோட்டுப் புத்தகத்தில் வண்டி எண்ணைக் குறித்துக்கொள்வார். பேனா அளவில் இருக்கும் கருவியை ஒரு குவளைத் தண்ணீரில் முக்கி, அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைப் பார்ப்பார். அளவு சரியாக இருந்தால் ரப்பர் குழாய் தொட்டிக்குள் இறங்கும். கரைதிடம் எனப்படும் இந்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே குடிநீருக்கு ஏற்றது என்றும், வேறு வழியே இல்லாதபோது 2,000 வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. கடலோரத்தில் நிலத்தடி நீரை இறைக்க இறைக்கக் கடல்நீர் உள்ளே ஏறுவதால் ஆழ்துளைக் கிணற்று நீர் இந்த எல்லையைத் தாண்டிப் போவது இயல்பு. குடியேறி ஓராண்டான வீட்டின் குளியலறைக் குழாயைப் பார்த்தாலே போதும்: வாயைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால், அதுவே வெந்நீர்க் கொதிகலனுக்குள்ளும் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள்ளும் படிந்துகொண்டிருக்கும்.

இந்தக் குறையைக் கணக்குப்போட முடியும், போட்டுப் பார்க்கவும் வேண்டும். நகர்ப்புறத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நாட்டில் வழங்கும் திட்ட அளவு. 200 வீடுகள், வீட்டுக்கு நால்வர் என்றால் 1,08,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஒன்பது நடை. நடைக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், குழாயும் கிணறும் சிறிதும் கைகொடுக்காத நிலையில், வளாகத்துக்கு நாளொன்றுக்கு 13,500 ரூபாய், வீட்டுக்கு மாதம் 2,025 ரூபாய் ஆகிறது. விலை ஒரு காசு ஏறாவிட்டாலும் இருபது ஆண்டில் 4,86,000 ரூபாய். இது பராமரிப்புக் கட்டணத்துக்குள் ஒளிந்திருப்பதால் வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. விற்பவர் கையில் பராமரிப்பு இருக்கும் முதல் ஓரிரு ஆண்டுகளில் தெரியாத இந்தச் செலவு, குடியிருப்போர் சங்கத்தின் கைக்கு வந்தபின் முதல் பொதுக்குழுக் கூட்டத்திலேயே வெடிக்கும். அதே சாலையில் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் குடியேறிய வேறொரு வளாகத்தின் சங்கச் செயலாளரைச் சந்தித்து, ஏப்ரல் முதல் ஜூலைவரை எத்தனை லாரி வாங்கினார்கள் என்று ரசீதோடு கேட்டால் உண்மைக் கணக்கு கிடைத்துவிடும்.

பணத்தால் தீரும் குறை என்றாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் கொண்டுவந்த நாட்களில், பணம் கையில் இருந்தும் லாரி கிடைக்காமல் காத்திருந்த வளாகங்கள் பல. நெம்மேலியில் 2013இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனோடும், 2024இல் மேலும் 15 கோடி லிட்டர் திறனோடும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வந்திருப்பது தென்சென்னைக்கு நம்பிக்கை தருவது. எனவே ஒரு குறிப்பிட்ட தெருவுக்குக் குழாய் எப்போது வரும் என்பது இன்று கேட்கத் தகுந்த கேள்வி. பிரதான குழாய் பதித்தாகிவிட்டதா, வளாகத்துக்கு இணைப்புக்கு விண்ணப்பித்திருக்கிறார்களா, அதற்கான கட்டணம் யார் தலையில் என்று கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்.

கழிவுநீரைப் பற்றிக் கேட்பதற்குத்தான் பலரும் கூசுகிறார்கள். சாக்கடை இணைப்பு இல்லாத இடத்தில் வளாகத்துக்குள்ளேயே சுத்திகரிப்பு நிலையம் இருக்கும். அது எந்தக் கட்டடத்தின் கீழ் இருக்கிறது, சுத்திகரித்த நீர் எங்கே போகிறது என்று தெரியாமல் தரைக்கு அடுத்த மாடியில் வீடு எடுப்பது, பிறகு சன்னலைத் திறக்க முடியாத வாழ்க்கைக்குக் கையெழுத்திடுவதாகும்.

வரும் என்று சொல்லப்படும் ரயில்

முதல் வகைக் குறைகளில், அதாவது காலம் தீர்க்கும் குறைகளில், சாலையும் போக்குவரத்தும் அடங்கும். இவற்றைக் கண்டு மிரண்டு நல்ல இடத்தை விட்டுவிடுவது தவறு. இன்று சென்னையில் நெரிசல் மிகுந்து விளங்கும் பல பகுதிகள் ஒரு தலைமுறைக்கு முன் பேருந்து போகாத இடங்கள்தாம். ஆனால் அறிவிப்பைக் கொண்டு நாள் குறிக்கக்கூடாது. கடற்கரையிலிருந்து வேளச்சேரிவரை பறக்கும் ரயில் 2007இல் வந்துசேர்ந்தது. அங்கிருந்து பரங்கிமலைவரை வெறும் ஐந்து கிலோமீட்டர் நீட்டிக்கும் பணி 2008இல் தொடங்கியது. கடைசி அரைக் கிலோமீட்டர் நிலம் எடுப்பதில் சிக்கிப் பதினைந்து ஆண்டுகள் கடந்தும் ரயில் ஓடவில்லை. அந்த நீட்டிப்பை நம்பி வாங்கியவரின் கைக்குழந்தை அதற்குள் பள்ளிப் படிப்பின் கடைசி வகுப்புகளுக்கு வந்துவிட்டது. கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் இறுதியில் பேருந்து முனையம் திறந்தபோது அதன் எதிரே ரயில் நிலையம் இல்லை. 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள மெட்ரோ இரண்டாம் கட்டம் தூண்களாக எழுந்து கண்ணுக்குத் தெரிவதால் அதை நம்புவதில் தவறில்லை. எனினும் வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையில் எத்தனை தூரம், அதில் நடைபாதை உண்டா, இரவு எட்டு மணிக்குப் பெண் ஒருவர் தனியாக நடந்துவரத் தெருவிளக்கு உண்டா என்பவையே அந்த ரயிலின் உண்மையான பயனைத் தீர்மானிக்கும்.

காத்திருக்கும் காலத்துக்கும் விலை உண்டு. போக முக்கால் மணி, வர முக்கால் மணி கூடுதலாக ஆகிறது என்றால், ஆண்டுக்கு 250 வேலை நாளில் 375 மணி நேரம். இரவு பகலாகப் பதினைந்து முழு நாள் சாலையிலேயே கழிகிறது.

குப்பைக் கிடங்கு, விமானம் இறங்கும் பாதை, உயர் அழுத்த மின்கம்பி, கல்லுடைக்கும் ஆலை ஆகியவை குறித்து அதிகம் விளக்க வேண்டியதில்லை. அவை கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் தெரிபவை. ஒன்றை மட்டும் சொல்லலாம்: நாற்றமும் புகையும் காற்றின் திசையைப் பொறுத்தவை என்பதால், ஒரு காலை நேரத்தில் தெரியாதவை மாலையில் தெரியக்கூடும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கில் தீப்பிடித்தபோது, கிடங்கிலிருந்து வெகுதொலைவு என்று எண்ணியிருந்த தெருக்களிலும் புகை போய் நின்றது.

தள்ளுபடியின் உண்மையான அளவு

குறையுள்ள இடத்தில் விலை குறைவாக இருக்கும். அந்த விலைக்குறைவு குறைக்கு ஈடாகுமா என்பதே வாங்குபவர் முன் நிற்கும் கணக்கு. இதற்கு எளிய வழி, இரண்டையும் மாதக் கணக்கில் கொண்டுவருவது. 8.5 விழுக்காடு வட்டியில் இருபது ஆண்டுக் கடனுக்கு, பத்து லட்ச ரூபாய் விலைக்குறைவு என்பது மாதத் தவணையில் ஏறக்குறைய 8,680 ரூபாய் மிச்சம். அதிலிருந்து லாரித் தண்ணீருக்கு 2,025 ரூபாய், கூடுதல் எரிபொருளுக்கோ வாடகை வண்டிக்கோ ஒரு தொகை, தூரத்துப் பள்ளியின் வேன் கட்டணம், உப்பு நீரால் ஆண்டுதோறும் மாற்ற வேண்டிய கருவிகள் என்று கழித்துக்கொண்டே வந்தால், சில இடங்களில் நான்காயிரம் மிஞ்சும், அங்கே தயங்காமல் வாங்கலாம்; சில இடங்களில் ஒன்றும் மிஞ்சாது. பணம் குறைவாக உள்ள குடும்பத்துக்குக் குறையே இல்லாத இடம் கிடைக்கப்போவதில்லை, எந்தக் குறையோடு வாழ்வது என்று தேர்ந்தெடுப்பதுதான் அவர்களுக்கு இருக்கும் உரிமை. தேர்ந்தெடுக்கும்போது, தூரத்தை ஏற்றுக்கொள்ளலாம், லாரியை ஏற்றுக்கொள்ளலாம், தாழ்நிலத்தை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டாம். தாழ்நிலத்துக்குத் தரப்படும் தள்ளுபடியை, பத்தாண்டு கழித்து அதே வீட்டை விற்கப்போகும்போது அடுத்தவரும் தவறாமல் கேட்பார். அதற்கிடையில் வந்துபோன வெள்ளங்கள் அப்போது ஊரறிந்தவையாக இருக்கும். வெள்ளத்துக்குக் காப்பீடு உண்டு என்பது உண்மையே. 2021 முதல் வழங்கும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான வீட்டுக் காப்பீடு அதை உள்ளடக்கியதுதான். உடைந்த கதவுக்கு அது பணம் தரும்; ஒவ்வோர் ஐப்பசியிலும் வானம் இருட்டும்போது வயிற்றில் எழும் கலக்கத்துக்குத் தராது.

இந்தக் கணக்கில் யாருடைய நாளைக் கணக்கிடுகிறோம் என்பதும் முக்கியம். வாங்கும் முடிவைப் பெரும்பாலும் எடுப்பவர் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போய் இரவில் திரும்புபவர். லாரி வரவில்லை என்று பாத்திரத்தைக் கழுவாமல் வைத்திருப்பதும், மருந்துக் கடை இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருப்பதால் மகன் வரும்வரை காத்திருப்பதும், பேருந்தில்லாத தெருவில் பள்ளிப் பையோடு நடப்பதும் வேறு ஆட்கள். இடத்தைப் பார்க்கப் போகும்போது அவர்களையும் அழைத்துப்போய், காரை வெளியே நிறுத்திவிட்டு, பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து காட்ட வேண்டும்.

பார்க்கப் போகும் நாளையும் வாங்குபவரே தேர்ந்தெடுக்க வேண்டும். விற்பனையாளர் வண்டி அனுப்பி அழைத்துப்போகும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சாலை காலியாக இருக்கும். கோடையில் நிலம் காய்ந்து கிடக்கும். திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு ஒருமுறையும், இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழை இரண்டு நாள் விடாமல் பெய்த பிறகு நவம்பர் மாதத்தில் ஒருமுறையும் போய்ப் பார்த்தால், அச்சிட்ட தாளில் இல்லாதவை தெரியவரும். சுற்றுவட்டாரத்தில் பழைய நத்தத் தெரு ஒன்று கட்டாயம் இருக்கும். அங்கே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் முதியவர்களிடம் ஏரி எந்த ஆண்டுகளில் கலங்கல் போயிற்று, அப்போது நீர் எந்த வழியாக இறங்கியது என்று கேட்டால், கையை நீட்டித் திசை காட்டுவார்கள். அந்தக் கை புதிய வளாகத்தின் சுற்றுச்சுவரைக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தேநீர்க் கடையில் 2015இன் நீர் எதுவரை ஏறியது என்று கேட்டால், சுவரில் வண்ணம் பூசிய பிறகும் மறையாத கோட்டைத் தொட்டுக் காட்டுவார்கள். மிதிவண்டியிலோ மூன்று சக்கர வண்டியிலோ தண்ணீர் கேன் போடும் பையனைப் பிடித்து, கார்த்திகை மாதத்தில் எந்தெந்தத் தெருவுக்கு வண்டி போகாது, எந்த வீட்டுக்காரர்கள் முனைக்கே வந்து கேனை வாங்கிப்போகிறார்கள் என்று கேட்டால், தெருப் பெயரோடு சொல்வான்.